இருட்டிலும் சிவந்த பூ

முதலமடை,
பிரபவ வருஷம் ஐப்பசி மாதம் 14.

சிரஞ்சீவி நஞ்சப்பனுக்கு அப்பன் சென்னியப்பன் ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் குழந்தைகளும் மாடுகன்றுகளும் மாகாளியம்மன் தயவால் ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், அங்கே அந்தப் பீர்மேட்டுக் குளிரிலும் ஓயாத மழையிலும் நீ உடம்பைப் பார்த்துக்கொண்டு சுகமாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். போன மாதம் நீ எழுதிய கடிதம் வந்து சேர்ந்தது. நான்கு பக்கம் தேயிலையைப் பற்றியும் துரையின் குதிரையைப் பற்றியும் எழுதிவிட்டுக் கடைசியில் ஓரமாக, பொடி எழுத்தில், பொங்கியண்ணன் மகள் காரியம் என்ன ஆயிற்று என்று ஒரு வரி கேட்டிருந்தாயே, அந்த ஒரு வரிக்காகத்தான் அந்த நான்கு பக்கமும் என்று உன் அம்மா உடனே கண்டுபிடித்துவிட்டாள். அதற்குத்தான் இந்தப் பதில். உன் அம்மா இப்போதும் பக்கத்தில் நின்றுகொண்டு, ஏனுங்க, மொதல்ல முடிவை எழுதிப்போடுங்க, பாவம் புள்ள தவிச்சுக் கெடக்கும் என்கிறாள். நான் எழுதமாட்டேன். முடிவை முதலில் சொன்னால் நீ மீதியைப் படிக்காமல் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விடுவாய், எனக்குத் தெரியாதா உன்னை. நாங்கள் பட்ட பாட்டை நீயும் வரிசையாகப் படு. எழுதும்போதே சிரிப்பு வந்து கை ஆடுகிறது, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

முதலில் உன் தம்பி தங்கையைப் பற்றிச் சொல்லவேண்டும், எல்லாக் கூத்தும் அவர்களால் வந்ததுதான். மாராக்காளுக்கு எட்டு வயது முடிந்தது, சென்னிமலைக்கு ஆறு. இந்த வருஷம் மழை நன்றாகப் பெய்து, நம் காட்டுக்குக் கீழே பள்ளத்தில் தண்ணீர் ஓடத் தொடங்கியதிலிருந்து இரண்டும் வீட்டில் கால் தரிப்பதில்லை. விடிந்ததும் காணோம், சோற்றுக்கு வந்தால் உண்டு. வரும்போது மடியில் என்ன இருக்கும் என்று சொல்லவே முடியாது. ஒருநாள் கொட்டாங்கச்சி நிறைய அந்தச் சிவப்பு மழைப்பூச்சி, பட்டுத்துணியை நறுக்கிப் போட்ட மாதிரி, எண்ணிப் பார்த்து நாற்பத்திரண்டு என்று வந்து சொன்னார்கள். இன்னொரு நாள் மணலில் குழி பறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்குமே குழியானை, அதில் பத்தைப் பிடித்து என் மேல்துண்டின்மேல் விட்டு, எல்லாம் பின்னாலேயேதான் நடக்கிறது, முன்னால் நடக்கத் தெரிந்தது ஒன்றாவது இருக்குமா என்று பந்தயம் விட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அதட்டலாம் என்று போனவன், என்ன ஆயிற்றென்று எனக்கே தெரியவில்லை, கொஞ்ச நேரத்தில் குப்புறப் படுத்து நான்காவது குழியானைக்குப் பரிந்து பேசிக்கொண்டிருந்தேன். அதற்கும் இரண்டு நாள் கழித்துச் சென்னிமலை ஓடிவந்து, ஐயா, மாமரத்துச் செவ்வெறும்பு தன் குஞ்சை வாயில கவ்விக்கிட்டு அதை வெச்சு எலையத் தைக்குதுங்கய்யா என்றான். எறும்பு தைக்கிறதாம், அதுவும் குஞ்சை வைத்துத் தைக்கிறதாம். ஏண்டா புளுகறே என்று காதைத் திருகினேன். அவன் அழவில்லை, ஏணியைக் கொண்டுவந்து மரத்தில் சாய்த்துவிட்டு, ஏறிப் பாருங்க என்றான். ஏறிப் பார்த்தேன். ஓர் எறும்பு வெள்ளையாக அரிசி போன்ற குஞ்சைக் கவ்விக்கொண்டு இந்த இலைக்கும் அந்த இலைக்கும் ஆட்டுகிறது, அந்தக் குஞ்சின் வாயிலிருந்து நூல் வருகிறது. ஐம்பது வயது வரைக்கும் இந்த மரத்தில் மாங்காய் பறித்தவன் நான், ஒருநாளும் பார்த்ததில்லை. வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்ததில் உதட்டில் இரண்டு கடி வாங்கி, மூன்று நாள் கூழ்கூட குடிக்க முடியாமல் கிடந்தேன். அந்த வீங்கின உதட்டோடு நான் அவன் காதைத் தடவிக்கொடுத்ததைப் பார்த்து உன் அம்மா சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதை நீ இருந்து பார்த்திருக்கவேண்டும்.

இவ்வளவையும் சொன்ன பிள்ளைகள் ஒன்றை மட்டும் எங்களிடம் மறைத்துவிட்டார்கள். பள்ளத்துக்கு அக்கரையில் இடிந்து கிடக்கிறதே பழைய துரை பங்களா, பாம்பு அடைந்து கிடக்கிறது, அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது என்று உன்னையும் சின்ன வயதில் மிரட்டியிருக்கிறேன், இவர்களையும் மிரட்டியிருக்கிறேன். நீ கேட்டாயோ என்னவோ, இவர்கள் கேட்கவில்லை. அந்த பங்களாவின் வேலி ஓரத்தில் எந்தக் காலத்திலோ துரைசானி வைத்துவிட்டுப் போன ஒரு செடி ஆளுயரத்துக்குமேல் வளர்ந்து நிற்கிறது. செம்பரத்தம்பூவின் சாதியாக இருக்கவேண்டும், பூ அடுக்கடுக்காகக் கைப்பிடி அளவு இருக்கும். அது காலையில் பால்வெள்ளையாக மலர்கிறது, உச்சிவேளைக்கு ரோஜா நிறம் ஆகிறது, பொழுது சாயும்போது அரளிச் சிவப்பு, மறுநாள் சுருண்டு போகிறது. நம் ஊரில் ஒருவருக்கும் தெரியாது, யார் அங்கே போகிறார்கள். இவர்கள் இருவரும் அதைக் கண்டுபிடித்து, சாயப்பூ என்று தாங்களே பெயர் வைத்து, பூவுக்குப் பூ நூல் கட்டி, எது எப்போது சிவக்கிறது என்று ஒரு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். சொன்னால் முதுகுத் தோல் உரியும் என்ற பயத்தில் மூச்சு விடவில்லை. இது எல்லாம் பிற்பாடு தெரிந்தது. உனக்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உனக்கும் எங்களைப் போலத் தலை சுற்றும்.

இனி உன் காரியத்துக்கு வருகிறேன். பொங்கியண்ணன் குடும்பத்துக்கும் நமக்கும் முறை சரி, பெண்ணும் குணசாலி என்று எல்லோரும் சொல்கிறார்கள், கேட்டதற்கு அவர்களும் சரி என்றார்கள், ஆனால் மாகாளியம்மன் கோயிலில் பூக்கேட்டு உத்தரவானால்தான் மேற்கொண்டு பேச்சு என்றார்கள். நமக்கும் அதுதானே வழக்கம். நீ எட்டு வருஷமாக மலையில் இருக்கிறாய், மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன், வெள்ளைப்பூ ஒன்று சிவப்புப்பூ ஒன்று தனித்தனியாக இலையில் மடித்து, எது எதுவென்று தெரியாதபடி ஒன்றுபோலக் கட்டி, அம்மன் முன் போட்டு, விவரம் தெரியாத குழந்தையைவிட்டு ஒரு பொட்டலத்தை எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் அம்மன் சம்மதம், சிவப்பு வந்தால் அந்தப் பேச்சை அதோடு விட்டுவிடவேண்டும், ஒரு காரியத்துக்கு இரண்டாம் முறை கேட்கிற வழக்கம் கிடையாது. உனக்கு ஏற்கெனவே இரண்டு இடம் சிவப்பு வந்து தட்டிப்போனதை நீ மறந்திருக்கமாட்டாய். அப்போதெல்லாம் நீ ஒன்றும் கேட்கவில்லை, எனக்கும் பெரிதாகத் தோன்றவில்லை. இந்த முறை நீயே கேட்டு எழுதியிருக்கிறாய்.

பொட்டலத்தை யார் கட்டுவது என்று ஒரு தகராறு வந்தது. உன் அம்மா கட்டினால் வெள்ளைக்கு ஏதாவது அடையாளம் வைத்துவிடுவாள் என்று உன் கருப்பாத்தாள் அத்தை சொன்னாள். தன் பேத்தியை உனக்குக் கட்டவில்லை என்று என் அக்காவுக்குக் கோபம், அந்தப் பேத்திக்குச் சித்திரையிலேயே வேறு இடத்தில் கல்யாணம் ஆகிப் புருஷன் வீட்டில் சந்தோஷமாக இருக்கிறாள், அக்காவின் கோபம் மட்டும் இன்னும் பிறந்த வீட்டிலேயே இருக்கிறது. அத்தை கட்டினால் அவள் சிவப்புக்கு அடையாளம் வைப்பாள் என்று உன் அம்மா பதிலுக்குச் சொன்னாள். நான் பெரிய புத்திசாலி அல்லவா, குழந்தைகள் இரண்டும் போய்ப் பூப் பறித்து அவர்களே கட்டிக்கொண்டு வரட்டும், பெரியவர்கள் ஒருவரும் கண்ணால் பார்க்கவேண்டாம் என்று தீர்ப்புச் சொன்னேன். எல்லோரும் மெச்சினார்கள். வீட்டுக்கு முன்னால் வெள்ளரளியும் செவ்வரளியும் பூத்துக் குலுங்குகிறது, எட்டிப் பறித்தால் காரியம் முடிந்தது. ஆனால் நம் சென்னிமலைக்கு அந்தக் காலையில் ஒரு யோசனை வந்துவிட்டது. சாயப்பூ வெயிலில் சிவக்கிறது சரி, வெயிலே படாமல் இருட்டில் கட்டி வைத்தால் சிவக்குமா சிவக்காதா? அதைப் பார்க்க இதைவிட நல்ல சமயம் வருமா என்று, அன்று மலர்ந்த வெள்ளை ஒன்றும், முதல் நாள் சிவந்து போன பூ ஒன்றும் பங்களாவிலிருந்து பறித்து, பூவரச இலையில் மடித்து வாழைநாரால் கட்டிக் கொண்டுவந்து கோயிலில் வைத்துவிட்டான். மாராக்காள் வேண்டாம் என்றாளாம், காலையிலேயே பிரித்துவிடுவார்கள், அதற்குள் ஒன்றும் ஆகாது என்று இவன் சமாதானம் சொன்னானாம்.

காலையிலேயே பிரித்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காதுதான். பொங்கியண்ணன் வண்டி வழியில் கடையாணி கழன்று சக்கரம் ஓடையில் உருண்டு, அதைத் தேடிப் பிடித்து மாட்டி, அவர்கள் வந்து சேரும்போது பொழுது மேற்கே இறங்கிவிட்டது. இனியும் தள்ளிப்போட வேண்டாம் என்று கை கால் கழுவிக்கொண்டு நேராகக் கோயிலுக்குப் போனோம். பூசாரியின் பேத்தி, மூன்று வயதுக் குழந்தை, தத்தித் தத்திப் போய் ஒரு பொட்டலத்தை எடுத்துத் தாத்தா கையில் கொடுத்தது. அவர் நாரை அவிழ்த்தார். சிவப்பு. நஞ்சப்பா, அந்த ஒரு நிமிஷத்தை உனக்கு எப்படி எழுதுவேன். உன் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பொங்கியண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார், அப்படியென்றால் கிளம்புகிறார் என்று அர்த்தம். எனக்கு அம்மன்மேல்கூடக் கோபம் வரவில்லை, உனக்கு இதை எந்த வார்த்தையில் எழுதுவது, அந்த ஓரத்து ஒரு வரிக்கு எப்படிப் பதில் சொல்வது என்றுதான் நினைத்தேன். பூசாரி வழக்கப்படி மற்றப் பொட்டலத்தையும் பிரித்து அம்மன் காலடியில் போடப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். அதுவும் சிவப்பு. அப்போது கும்பலுக்குப் பின்னாலிருந்து ஒருவன் குதிக்கிறான், கை தட்டுகிறான், செவந்துருச்சு, செவந்துருச்சு, இருட்டுலயும் செவந்துருச்சு என்று கத்துகிறான். யார் என்று நான் சொல்லவும் வேண்டுமா.

அப்புறம் மாராக்காள் அழுதுகொண்டே எல்லாவற்றையும் ஒப்பித்தாள். மொதல்ல எடுத்தது இன்னைக்குப் பூவுங்க, பாருங்க இதழ் விரிஞ்சிருக்குது, ரெண்டாவது நேத்துப் பூவு, சுருண்டுபோச்சு, கட்டறப்ப மொதப் பூவு வெள்ளைதானுங்க என்றாள். உடனே உன் அம்மாவுக்கு உயிர் வந்தது, அப்ப வெள்ளைதான் வந்திருக்குது என்றாள். கருப்பாத்தாள் அக்கா விடுவாளா, பூவு நெறம் மாறுதாம், ஓணானா அது, ரெண்டும் பொய் சொல்லுதுக, செவப்புன்னா செவப்புத்தான் என்றாள். பூசாரி, முப்பது வருசமாப் பூப் போடறனுங்க, இப்படி வந்ததில்ல, எனக்கு வழி தெரியலீங்க என்று கையை விரித்தார். பொங்கியண்ணன் மட்டும் என் பக்கம் திரும்பி, மச்சான், பொடுசுக பேச்சை நம்பி நான் பொண்ணுக் குடுக்கவும் முடியாது, பொடுசுக பேச்சைத் தள்ளிப்போட்டு ஆத்தா உத்தரவை மீறவும் முடியாது, நாளைக்கு அந்தச் செடிய என் கண்ணால பாக்கோணும், வெள்ளை செவப்பானா வந்தது வெள்ளை, ஆகலேன்னா இந்தப் பேச்சை இதோட விட்டுறலாம் என்றார். அவர் சொன்னது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது.

மறுநாள் கிழக்கு வெளுக்கும்போதே எல்லோரும் பள்ளத்தைத் தாண்டிப் போனோம். நான் முன்னால் போய்த் தடியால் புதரையெல்லாம் அடித்துப் பார்த்தேன், பாம்பும் இல்லை ஒன்றும் இல்லை, ஒரு கிழட்டு உடும்பு மட்டும் எங்களை முறைத்துவிட்டுப் போயிற்று. செடி நிறைய வெள்ளை வெளேரென்று பூ. குழந்தைகள் இரண்டும் அன்று எங்களுக்கு அதிகாரிகள். சென்னிமலை கையில் குச்சியோடு, கெளையப் புடிச்சு ஆட்டக்கூடாது, பக்கத்துல வெத்தலச் சாறு துப்பக்கூடாது, அது பட்டுச் செவந்தாக் கணக்குத் தப்பிப்போகும் என்று சட்டம் போட்டான். பூசாரி பாவம், வாயிலிருந்ததை விழுங்கிவிட்டார். பொங்கியண்ணன் தன் அரைஞாண் கயிற்றிலிருந்து நூல் பிரித்து ஒரு பூவில் கட்டி, இது என்னுது என்றார். அக்கா என்ன செய்தாள் தெரியுமா, தனக்கென்று ஒரு பூவைப் பிடித்து, அதன்மேல் கூடையைக் கவிழ்த்து, கூடைமேல் என் கம்பளியைப் போர்த்து, காற்றுகூடப் போகாமல் கட்டிவிட்டுப் பக்கத்திலேயே காவலுக்கு உட்கார்ந்துகொண்டாள். இது செவந்தா நான் நம்பறேன் என்றாள்.

பிறகு என்ன, உட்கார்ந்திருந்தோம். அன்று நம் கிணற்றில் கவலை ஓட்டித் தண்ணீர் இறைக்கவில்லை, மாடுகளுக்கு லீவு. முதலில் ஒரு மணி நேரம் எல்லோரும் சாவு வீட்டில் உட்கார்ந்த மாதிரி விறைப்பாக இருந்தோம். எவ்வளவு நேரம் பூவையே பார்ப்பது, கண் மெல்ல அக்கம்பக்கம் போயிற்று. பொங்கியண்ணன் சம்சாரம் பச்சைக் குச்சி என்று தொட்டது குச்சியில்லை, கும்பிடுகிற மாதிரி கைகூப்பி நிற்குமே அந்தப் பூச்சி, அது திரும்பி அந்த அம்மாளை ஒரு பார்வை பார்த்தது பார், அவர் போட்ட கூச்சலில் கொக்கெல்லாம் பறந்துபோயிற்று. பூசாரிக்கு மாராக்காள் குழியானையைக் காட்டினாள், அதோடு அவரைக் காணோம், மணலில் படுத்துக்கொண்டு எறும்பு எறும்பாகக் குழியில் விட்டுக்கொண்டிருந்தார், உச்சிப் பூசையையே மறந்துவிட்டார். சுமார் பதினோரு மணி இருக்கும், பொங்கியண்ணன், எவ்வளவு கௌரவமான மனிதர், மச்சான் ஓடியாங்க, ஓரத்துல பத்திக்கிச்சு என்று கத்தினார். ஓடிப்போய்ப் பார்த்தால் அவர் பூவின் விளிம்பில் லேசாக ஒரு ரோஜாக் கோடு. அதற்குப் பிறகு ஒருவருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. என் பூ முந்துகிறது, உன் பூ பிந்துகிறது என்று நாங்கள் போட்ட சத்தத்தில் சென்னிமலை எங்களை இரண்டு முறை அதட்டினான். பொழுது சாயும்போது செடி முழுக்கச் சிவப்பு. எல்லோரும் அக்காவைச் சுற்றி நின்றோம். அவள் கம்பளியை எடுத்தாள், கூடையைத் தூக்கினாள். மற்றவை அளவுக்கு இல்லை, ஆனாலும் சிவப்புத்தான், ஒருவராலும் இல்லை என்று சொல்ல முடியாது. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளுக்கு எங்கிருந்தோ சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள், உன் மாமா இறந்துபோன பிறகு மூன்று வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. டேய் சென்னியப்பா, ஆத்தா வெள்ளையத்தாண்டா எடுத்துக் குடுத்திருக்கா, வெத்தல பாக்கை மாத்து, எம்பட மருமகன் எத்தனை நாளைக்கு மலையில தனியாச் சோறு பொங்குவான் என்றாள்.

ஆகவே மகனே, வெள்ளை. பொங்கியண்ணன் மடியில் இருந்த வெற்றிலையையும் என் மடியில் இருந்த பாக்கையும் அங்கேயே அந்தச் செடி அடியிலேயே மாற்றிக்கொண்டோம். கார்த்திகையில் நிச்சயம், தை மாதம் முகூர்த்தம். பெண்ணுக்கு மனசு எப்படி என்று உன் அம்மா அவள் தாயாரிடம் தனியாகக் கேட்டாள், நாங்கள் வண்டி கட்டிக் கிளம்புகிறவரை வீட்டில் கமலாத்தாள் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, அதிலிருந்தே தெரிந்துகொள்ளுங்க என்று அந்த அம்மாள் சொன்னார்கள். இப்போது குடித்திருப்பாள் என்று நினைக்கிறேன். குழந்தைகளை பங்களாவுக்குப் போனதற்கு அடிக்கவேண்டும் என்றுதான் புளியங்குச்சி ஒடித்து வைத்தேன், அதைச் சென்னிமலை எடுத்துக்கொண்டு போய்ச் சாயப்பூவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டான்.

நீ இப்போதே துரையிடம் சொல்லித் தை மாதத்துக்கு ஒரு மாதம் லீவு கேட்டுவை, கடைசி நேரத்தில் பல்லை இளிக்காதே. அட்டைக் கடிக்குப் புகையிலைத் தண்ணீர் தடவிக்கொள், ஈரத் துணியோடு உட்காராதே, கம்பம் வழியாக இறங்கி வா. செடியிலிருந்து குச்சி ஒன்று ஒடித்து மண்சட்டியில் நட்டு வைத்திருக்கிறோம், நீ திரும்பும்போது கொண்டுபோய் வைக்கவேண்டும், உன் ஊர்க் குளிரில் பூ சிவக்கிறதா இல்லை வெள்ளையாகவே நின்றுவிடுகிறதா என்று பார்த்து எழுதச் சொல்லிச் சென்னிமலை உத்தரவு. எழுதுவது இருக்கட்டும். அது பூத்தால் ஒருநாள் வேலையெல்லாம் போட்டுவிட்டு நீயும் கமலாத்தாளும் விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிறவரை அதன் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். எனக்கும் உன் அம்மாவுக்கும் கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் ஆகிறது, ஒரு பகல் முழுக்க ஒரு வேலையும் இல்லாமல் நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது அன்றைக்குத்தான்.

தீர்க்காயுசாக, சகல சௌபாக்கியத்தோடும் இரு. அம்மாவும் அத்தையும் ஆசி சொல்கிறார்கள். லீவு கிடைத்த நாளை மறக்காமல் எழுது.

இப்படிக்கு
உன் அப்பன்
சென்னியப்பன்